வாள் வாங்குமுன் ஒரு வார்த்தை

'பொழுதுபோக்கு' என்ற சொல்லைக் கேட்டாலே எமது மக்களில் பலருக்குச் சினம் வருகின்றது. வயலையும் மாட்டையும் இழந்து, நிவாரண அரிசிக்கு வரிசையில் நின்றவனுக்குப் பொழுதுபோக்கு ஒரு கேடா என்று கேட்கின்றார்கள். கேள்வி நியாயமானதே. ஆயினும் முகாம் வாழ்வை அறிந்தவர்கள் இன்னொன்றையும் அறிவார்கள். 2006 ஆம் ஆண்டு மூதூர் கிழக்கிலிருந்து இடம்பெயர்ந்து, பின்னர் கிளிவெட்டி, பட்டித்திடல், கட்டைபறிச்சான் முகாம்களில் ஆண்டுக்கணக்கில் காத்திருந்த கமக்காரரை வாட்டியது பற்றாக்குறை மாத்திரமல்ல. விடிந்தால் மண்வெட்டி தூக்கிய கை, செய்வதற்கு ஒன்றுமில்லாமல் மடியில் கிடந்ததும் அவர்களை வாட்டியது. அதே ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் மூதூரிலிருந்தும் தோப்பூரிலிருந்தும் கந்தளாய்க்கு ஓடிய முஸ்லிம் சகோதரர்களும் இதனை அறிவார்கள். வேலையற்ற கை மனிதனை உள்ளே அரித்துவிடும். ஆகவே கைக்கு ஒரு வேலை வேண்டும் என்பதில் எமக்குக் கருத்து வேறுபாடு இல்லை. எந்த வேலை, எந்தக் கருவி, யாருடைய பணத்தில் என்பதே எமது கேள்வி.

அண்மைக் காலத்தில் சுயதொழில் பற்றிப் பேசுமிடங்களில் 'ஸ்குரோல் சோ' என்னும் இயந்திர வாளைப் பற்றிச் சிலர் எம்மிடம் விசாரிக்கின்றார்கள். மேசைமேல் வைக்கும் சிறு இயந்திரம் இது. நூல் போன்ற மெல்லிய அலகு ஒன்று மேலும் கீழுமாக ஓடும். பலகையைக் கையால் திருப்பித் திருப்பிக் கொடுத்தால் பூ, எழுத்து, விலங்கு என்று எந்த வளைவையும் அறுக்கலாம். மின்சாரம் இல்லாமல் இதே வேலையைச் செய்யும் கைக்கருவிதான் 'பிரெட் சோ'. வில்லுப் போல வளைந்த சட்டமும், அதன் இரு முனைகளுக்கிடையில் இழுத்துக் கட்டிய அலகுமே அதன் முழு உடம்பு. பழைய ஓடாவிமார் சிலரிடம் இன்றும் காணலாம்.

எமது அபிப்பிராயத்தை முதலிலேயே சொல்லிவிடுகின்றோம். கடன் எடுத்து இயந்திரவாள் வாங்காதீர்கள். கைவாளில் ஒரு போகம் பழகிய பின்னரும் ஆசை இருந்தால், நாலைந்து குடும்பங்கள் சேர்ந்து ஓர் இயந்திரம் வாங்குங்கள்.

காரணம் சொல்லாமல் இப்படிக் கூறினால் யாரும் கேட்கமாட்டார்கள். 2022 மார்ச் மாத இறுதியில் நாடு முழுவதும் ஒரு நாளில் 13 மணித்தியாலம் வரை மின்சாரம் நின்றதை நாம் மறக்கவில்லை. அந்த நாட்களில் கடனில் வாங்கிய மின் இயந்திரம் தூங்கியது, கடனோ தூங்கவில்லை. வட்டி என்பது எமது பகுதிப் பெண்களை என்ன பாடுபடுத்தியது என்பதையும் விளக்கத் தேவையில்லை. வறட்சியால் பாதிக்கப்பட்ட 12 மாவட்டங்களில் பெண்கள் பெற்றிருந்த, ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களைத் தள்ளுபடி செய்ய அரசாங்கமே 2018 இல் முன்வர வேண்டியதாயிற்று. அந்தப் பாடத்துக்குப் பின்னும், மாதம் எத்தனை பொருள் விற்கும் என்று தெரியாமல் ஒரு குடும்பத்தை இயந்திரக் கடனில் இறக்கிவிடுவதை அபிவிருத்தி என்று எம்மால் அழைக்க முடியாது.

சந்தை பற்றி ஒரு பழைய கதை பயன்படும். பலகையில் ஒட்டிய படத்தைத் துண்டு துண்டாக அறுத்து, பிள்ளைகள் மீண்டும் பொருத்தும் புதிர் விளையாட்டு உண்டல்லவா? 1760களில் இலண்டனில் ஜோன் ஸ்பில்ஸ்பரி என்ற தேசப்பட வேலையாளர் அப்படி அறுத்த தேசப்படங்களை விற்றார். 1930களின் பெருமந்த காலத்தில் அமெரிக்காவில் வேலையிழந்த பலர் இந்த வாளைக் கையிலெடுத்து, வீட்டிலேயே மரப் புதிர்களை அறுத்தார்கள். கடைகளும் நூலகங்களும் அவற்றை வாடகைக்குக் கொடுத்தன. நல்ல பிழைப்புத்தான். ஆனால் அதே ஆண்டுகளில் ஆலைகள் மட்டைப் புதிர்களை அச்சால் ஒரே அடியில் வெட்டி மலிவாகச் சந்தையில் குவித்தன. ஒவ்வொன்றாக அறுத்துக் கொண்டிருந்த கைகளால் அந்த விலைக்கு இறங்க முடியவில்லை.

எமது காலத்தில் அந்த ஆலையின் இடத்தில் லேசர் இயந்திரம் நிற்கின்றது. நகரத்துக் கடையில் வீட்டுப் பெயர்ப்பலகையை மெல்லிய மரத்தூள் அட்டையில் நிமிடக்கணக்கில் வெட்டிக் கொடுக்கின்றார்கள். அதனுடன் போட்டியிடப் போனால் தோற்றுவிடுவோம். சாதாரணக் கடை லேசர் தடித்த மரத்தில் திணறும். வெட்டிய விளிம்பும் கருகியிருக்கும். எமது வாளோ ஒரு அங்குலத் தடிப்புள்ள மரத்தையும் கருகாமல் அறுக்கும். ஆகவே தடித்த மரம் தேவைப்படும் பொருள்களே எமக்குரியவை: முன்பள்ளிப் பிள்ளைகள் கையில் பிடித்து விளையாடும் எழுத்துகள், நிமிர்ந்து நிற்கும் மாடும் யானையும், கிறிஸ்மஸ் குடிலுக்கான உருவங்கள், சாமிப் படத்துக்கான சட்டம், குர்ஆனை விரித்து வைத்து ஓதும் மடக்குப் பலகையின் பூவேலை. தோப்பூரைச் சுற்றி மூன்று சமயத்தவரும் வாழ்வது இந்தத் தொழிலுக்கு ஓர் ஆசீர்வாதம் என்றே சொல்லலாம். ஆண்டில் ஏதாவது ஒரு பெருநாள் வந்துகொண்டேயிருக்கும்.

இனி, கைவாளைப் பற்றி. வாங்கும்போது சட்டத்தின் ஆழத்தைப் பாருங்கள். அலகுக்கும் சட்டத்தின் முதுகுக்கும் இடையில் எவ்வளவு இடைவெளி உண்டோ, அவ்வளவு உள்ளேதான் அறுக்க முடியும். அலகைப் பூட்டும்போது பற்கள் கைப்பிடியை நோக்கியிருக்க வேண்டும்; வாள் கீழே இழுக்கும்போது வெட்டும், மேலே தள்ளும்போது அல்ல. சட்டத்தைச் சற்று நெரித்துப் பிடித்துப் பூட்டி விட்டால், அலகு தானாகவே இறுகும். விரலால் சுண்டினால் வீணைத் தந்தி போல ஒலிக்க வேண்டும். மந்தமாகக் கேட்டால் அறுக்கும்போது வழி தவறும். மேசை விளிம்புக்கு வெளியே நீட்டிக் கொண்டிருக்கும்படி ஒரு துண்டுப் பலகையைப் பூட்டி, அதன் நுனியைத் திறந்த குருவி வாய் போல வெட்டிக் கொள்ளுங்கள். அறுக்கும் மரம் அதன்மேல் கிடக்க, வாள் அந்த வாய்க்குள் ஏறி இறங்க வேண்டும். இந்தச் சிறு பலகை இல்லாமல் தொடங்குபவர்களே பெரும்பாலும் அலகை முறித்து, வேலையையும் வெறுத்து விடுகின்றார்கள். வாளைத் திருப்பாதீர்கள். வாள் ஓரிடத்தில் நேராக ஏறி இறங்கட்டும், மரம் திரும்பட்டும்.

இயந்திரவாள் வாங்குவோர் பார்க்க வேண்டியவை பல. ஆனால் எமது மொழிக்கென்றே ஒரு சோதனை உண்டு. 'க' என்ற எழுத்தை எடுத்துக் கொள்ளுங்கள். அதன் நடுவில் மூடிய கண் ஒன்று இருக்கின்றது. 'ண' எழுத்தில் சுழிகள் இன்னும் அதிகம். மூடிய கண்ணை அறுப்பதற்கு முதலில் சிறு துளையிட்டு, அலகை ஒரு முனையில் கழற்றி, துளையினூடாகக் கோத்து, மீண்டும் பூட்ட வேண்டும். மலிவான சில இயந்திரங்கள் முனையில் குறுக்கு ஊசியுள்ள அலகை மாத்திரமே ஏற்கும். அந்த ஊசி நுழைவதற்கு ஏறக்குறைய 5, 6 மில்லிமீற்றர் துளை வேண்டும். சிறிய எழுத்தின் கண்ணே அவ்வளவு இருக்காது. ஊசியில்லாத வெறும் அலகுக்கோ ஒன்றரை மில்லிமீற்றர் துளை போதும். எனவே கடைக்காரரிடம் கேட்கும் முதற்கேள்வி, 'வெறும் முனை அலகு பூட்டலாமா?' என்பதாக இருக்கட்டும். முடியாது என்றால், ஆங்கில எழுத்து அறுப்பவர் எவராவது வாங்கட்டும் என்று விட்டுவிடலாம். (ஆங்கிலத்திலும் கண்ணுள்ள எழுத்துகள் உண்டு என்று யாரும் எம்முடன் வாதிட வேண்டாம்.)

அடுத்து, வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் வசதி. ஒரே வேகத்தில் ஓடும் இயந்திரம் கடின மரத்தைக் கருக்கிவிடும். மேசை அதிராமலிருக்க இயந்திரம் கனமாக இருப்பது நல்லது. வெளிநாட்டிலிருந்து அன்பளிப்பாக வருவனவற்றில் ஓர் ஆபத்தும் உண்டு. அமெரிக்க இயந்திரம் 120 வோல்ற் மின்சாரத்துக்குச் செய்யப்பட்டது. எமது 230 வோல்ற்றில் நேரடியாக மாட்டினால் மோட்டார் எரிந்துவிடும். பின்புறம் ஒட்டியுள்ள தகட்டை வாசித்த பின்னரே மின்சாரம் கொடுக்க வேண்டும். மின்சாரமே வேண்டாம் என்போருக்கும் வழியுண்டு. மோட்டார் பரவுவதற்கு முன்னர் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இவ்வாளைக் காலால் மிதித்தே ஓட்டினார்கள். எமது வீடுகளில் மூலையில் கிடக்கும் பழைய தையல் இயந்திரத்தின் மிதிகட்டையும் சக்கரமும் அதற்குப் போதும். விபரமறிந்த ஒட்டுவேலைக்காரர் ஒருவர் கிடைத்தால் முயன்று பார்க்கலாம்.

மரத்துக்கு எங்கே போவது? சாவண்டலையை ஆங்கிலேயர் 'திருகோணமலை மரம்' என்றே அழைத்தார்கள். சென்னைக் கரையின் மசூலாப் படகுகள் கட்ட இங்கிருந்து அது கப்பலேறியது. அந்தப் பெருமையை நம்பி இன்று காட்டுக்குள் கத்தியுடன் போனால் வழக்குத்தான் மிஞ்சும். அனுமதிப்பத்திரம் இல்லாமல் மரம் தறிக்கவோ ஏற்றவோ கூடாது. எமது வேலைக்கு அது தேவையுமில்லை. தளபாடக் கடைகளில் எரிப்பதற்கு ஒதுக்கும் துண்டுகள், பொருள் ஏற்றிவந்த பைன் மரச் சட்டங்கள், வளவில் காற்றுக்கு முறிந்த மாங்கொப்பு என்பன தாராளம். தொடங்குவோருக்கு மலைவேம்பு நல்லது, மென்மையாக அறுபடும். தேக்கு அழகானது, ஆனால் அதிலுள்ள மணற்சத்து அலகின் பல்லை விரைவில் மழுக்கிவிடும். முதிரையில் கவனம் வேண்டும். அதன் தூள் சிலருக்குத் தோலில் கடியும் சிவப்பும் உண்டாக்கும். எந்த மரமானாலும் மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக் கொள்ளுங்கள். குழந்தைகள் தூங்கும் அறைக்குள் அறுக்காதீர்கள். மாரி காலத்தில் அலகுகள் துருப்பிடிக்கும். சிறிது தேங்காயெண்ணெய் தடவி, மூடியுள்ள போத்தலில் வறுத்த அரிசியுடன் போட்டு வையுங்கள்.

கடைசியாக, பணியாளர்களுக்கும் நிறுவனங்களுக்கும் ஒன்று. பெரும்போகத்துக்கும் சிறுபோகத்துக்கும் இடையிலுள்ள வாரங்களில் ஒரு குடும்பம் இந்த வாளால் பள்ளிக் கொப்பிச் செலவைத் தேடிக் கொள்ளலாம். அதைவிடப் பெரிதாக நாம் எதிர்பார்க்கவில்லை. வாள் காணிக்கு ஈடாகாது. மூதூர் கிழக்கு மக்கள் தமது சம்பூர்க் காணிகளுக்காக 2015, 2016 வரை காத்திருந்தார்கள்; அந்தக் காத்திருப்பில் எந்தக் கைத்தொழிலும் வயலின் இடத்தை நிரப்பவில்லை. ஆகவே கருவி வழங்கப்பட்டது என்று படிவத்தில் அடையாளமிட்டு, வாழ்வாதாரம் மீட்கப்பட்டதாக ஒரு குடும்பத்தின் கோப்பை மூடுவதை நாம் ஏற்கமாட்டோம். வாசகர்களும் ஏற்க வேண்டியதில்லை. காணிக் கச்சேரி நடக்கும் நாளில் குடிலுருவங்களுக்கு எவ்வளவு கேள்வி இருந்தாலும், பழைய அனுமதிப்பத்திரத்தையும் வாக்காளர் இடாப்புப் பிரதியையும் எடுத்துக்கொண்டு காலையிலேயே பிரதேச செயலகத்துக்குப் போய்விடுங்கள்.