சுத்தம் செய்த வீட்டுக்கும் க்ளீனிங் சார்ஜ்

இங்கிலாந்துக்கு எம்.எஸ்சி. படிக்கப் போன ஒரு மாணவனின் கடைசி இரண்டு வாரங்களைக் கொஞ்சம் கற்பனை செய்து பாருங்கள். ஆய்வேட்டை ஒப்படைத்தாகிவிட்டது. ஊருக்கு டிக்கெட் போட்டாகிவிட்டது. குக்கர், போர்வை, தலையணை எல்லாம் அடுத்த பேட்ச் மாணவர்களுக்குக் கைமாறிவிட்டன. வீட்டில் இருந்த நான்கு பேரும் சேர்ந்து ஒரு நாள் முழுக்கத் தேய்த்துக் கழுவிவிட்டு, சாவியை ஏஜெண்டிடம் கொடுக்கிறார்கள். பத்து நாள் கழித்து ஒரு மின்னஞ்சல் வருகிறது. வீடு சரியாகச் சுத்தம் செய்யப்படவில்லையாம். பொதுவான க்ளீனிங்குக்கு 180 பவுண்டு, ஓவனுக்குத் தனியாக 60 பவுண்டு, கார்பெட்டுக்கு 120 பவுண்டு. ஆக மொத்தம் 360 பவுண்டு பிடித்தம். மீதியை அனுப்பிவைக்கிறார்களாம்.

தலைக்கு 90 பவுண்டு. மாணவன் என்ன செய்வான்? பெரும்பாலும் ஒன்றும் செய்யமாட்டான். "போனால் போகட்டும்" என்பான். விமானம் ஏறும் அவசரம், வேலை தேடும் கவலை. இதில் எங்கே போய் சண்டை போடுவது?

இந்த "போனால் போகட்டும்" என்ற ஒரு வார்த்தையை நம்பித்தான் பல க்ளீனிங் பிடித்தங்கள் நடக்கின்றன. தொகை மிகப் பெரியதாக இருந்தால் யாரும் சும்மா விடமாட்டார்கள். மிகச் சிறியதாக இருந்தால் கேட்பவருக்கு லாபமில்லை. எரிச்சல் வரும், ஆனால் எதிர்த்து எழுதத் தோன்றாது என்கிற அளவு ஒன்று இருக்கிறது. அந்த அளவில்தான் பில் வருகிறது. அதற்கும் வீட்டில் இருந்த அழுக்குக்கும் சம்பந்தம் இருக்க வேண்டிய அவசியமில்லை.

பணம் யாருடையது?

முதலில் புரிந்துகொள்ள வேண்டியது இதைத்தான். டெபாசிட் என்பது வீட்டுக்காரரின் வருமானம் அல்ல. குடியிருப்பவரின் பணம் அது, ஒரு பாதுகாப்புக்காக ஒப்படைத்து வைத்தது. வாரம் 150 பவுண்டு வாடகை கொடுக்கும் மாணவன் ஐந்து வார டெபாசிட்டாக 750 பவுண்டு கட்டியிருப்பான். இந்திய ரூபாயில் முக்கால் லட்சத்துக்கும் மேல். பல வீடுகளில் அது கல்விக் கடனிலிருந்து வந்த பணம், அல்லது அம்மாவின் நகையிலிருந்து வந்த பணம். அதில் ஒரு பகுதியை எடுத்துக்கொள்ள வேண்டுமென்றால், ஏன் என்று காட்ட வேண்டிய பொறுப்பு எடுப்பவருக்குத்தான்.

இங்கிலாந்துச் சட்டமும் இதையேதான் சொல்கிறது. 2004ஆம் ஆண்டின் வீட்டுவசதிச் சட்டப்படி 2007 ஏப்ரல் 6 முதல், தனியார் வீட்டுக்காரர்கள் மாணவரிடம் வாங்கும் டெபாசிட்டை அரசு அங்கீகரித்த ஒரு பாதுகாப்புத் திட்டத்தில் சேர்க்க வேண்டும். டெபாசிட் புரொடெக்ஷன் சர்வீஸ், மைடெபாசிட்ஸ், டெனன்சி டெபாசிட் ஸ்கீம் என்று மூன்று திட்டங்கள். பணம் வாங்கிய 30 நாட்களுக்குள் சேர்த்து, அந்த விவரத்தையும் குடியிருப்பவருக்கு எழுத்தில் கொடுத்தாக வேண்டும். இல்லையென்றால் நீதிமன்றம் போகலாம். டெபாசிட்டைப் போல ஒரு மடங்கிலிருந்து மூன்று மடங்கு வரை வீட்டுக்காரர் அபராதமாகத் தர வேண்டிவரும். (ஸ்காட்லாந்துக்கும் வட அயர்லாந்துக்கும் தனித் திட்டங்கள். பல்கலைக்கழகமே நடத்தும் விடுதி, வீட்டுக்காரரோடு ஒரே வீட்டில் வாடகைக்கு இருப்பது ஆகியவை இதில் வராது.)

திட்டத்தில் சேர்ந்த பணத்தில் ஒருதலைப்பட்சமாகக் கைவைக்க முடியாது. ஏஜெண்டின் மின்னஞ்சல் தீர்ப்பு அல்ல, வெறும் கோரிக்கை. குடியிருந்தவர் "ஒப்புக்கொள்ளவில்லை" என்றால் விஷயம் அந்தத் திட்டத்தின் நடுவரிடம் போகலாம். இரு தரப்பும் கொடுக்கும் ஆவணங்களைப் படித்து அவர் முடிவு சொல்வார். வக்கீல் வேண்டாம், நேரில் போக வேண்டாம், கட்டணமும் கிடையாது. ஊரில் உட்கார்ந்துகொண்டே செய்யலாம்.

2019 ஜூன் 1 முதல் இங்கிலாந்தில் இன்னொரு சட்டமும் வந்தது. குடியிருப்போர் கட்டணச் சட்டம். ஆண்டு வாடகை 50,000 பவுண்டுக்குக் குறைந்த வீட்டுக்கு டெபாசிட் ஐந்து வார வாடகையைத் தாண்டக்கூடாது, அதற்கு மேற்பட்ட வீடென்றால் ஆறு வாரம். அதைவிட முக்கியமான விஷயம், "காலி செய்யும்போது தொழில்முறை க்ளீனருக்குப் பணம் கட்டியே ஆக வேண்டும்" என்று கட்டாயப்படுத்துவதற்கும் தடை. குடிவந்தபோது இருந்த அதே சுத்தத்தில் திருப்பிக் கொடு என்று கேட்கலாம். யாரைக் கொண்டு சுத்தம் செய்வது என்பது குடியிருப்பவர் இஷ்டம். கைகால் நன்றாக இருக்கும் நான்கு மாணவர்கள் தாங்களே செய்துகொள்ளலாம்.

ஒரு தவறான வாதம்

மாணவர்கள் பக்கமும் ஒரு தப்பு நடக்கிறது. பிடித்தம் வந்தவுடன் பலர் எழுதும் முதல் வரி, "இதெல்லாம் சாதாரணத் தேய்மானம்" என்பது. கார்பெட் நடந்து நடந்து மங்கிப்போனால் அது தேய்மானம். சுவர் பெயிண்ட் வெளிறினால் தேய்மானம். அதற்குப் பணம் பிடிக்கக்கூடாது. ஆனால் ஓவனுக்குள் இருக்கும் எண்ணெய்ப் பிசுக்கு தேய்மானம் ஆகாது, அது அழுக்கு. அடுப்புக்குப் பின்னால் சுவரில் தெறித்த தாளிப்பும், வெள்ளை மேடையில் படிந்த மஞ்சள்பொடிக் கறையும் அப்படித்தான். லண்டன் போன்ற உப்புத் தண்ணீர் ஊர்களில் ஷவர் கண்ணாடியில் படியும் வெள்ளைக் கறையைக்கூட "தண்ணீர் அப்படி" என்று சொல்லித் தப்பிப்பது கஷ்டம்.

அழுக்கு விஷயத்தில் கேள்வி ஒன்றே ஒன்றுதான். வந்தபோது எப்படி இருந்தது, போகும்போது எப்படி இருக்கிறது? வந்தபோதே ஓவன் கருப்பாக இருந்திருந்தால் பளபளவென்று திருப்பித் தர வேண்டிய கடமை யாருக்கும் இல்லை. வந்தபோது பளபளவென்று இருந்ததைக் கருப்பாக்கிவிட்டுப் போனால், அதைச் சுத்தம் செய்யும் நியாயமான செலவு கொடுக்க வேண்டியதுதான். இதில் கோபப்பட ஒன்றுமில்லை.

எனவே வழக்கின் முடிவு காலி செய்யும் நாளில் அல்ல, குடிவரும் நாளிலேயே பாதி எழுதப்பட்டுவிடுகிறது. குடிவரும்போது ஏஜெண்ட் ஒரு இன்வென்ட்ரி கொடுப்பார். எந்த அறையில் என்ன பொருள், என்ன நிலை, எவ்வளவு சுத்தம் என்ற பட்டியல். நீண்ட பயணக் களைப்பில் பெரும்பாலானோர் அதைப் படிக்காமலே கையெழுத்துப் போடுகிறார்கள். "சமையலறை: சுத்தமாக உள்ளது" என்ற ஒரு வரிக்குக் கீழே கையெழுத்து விழுந்துவிட்டால், பிறகு "ஓவன் அப்பவே அழுக்கு சார்" என்று சொல்வதை நடுவர் எதை வைத்து நம்புவார்? திருத்தம் எழுதி அனுப்பச் சில நாட்கள் அவகாசம் கொடுப்பார்கள். ஓவனைத் திறந்து ஒரு படம், ஃபிரிட்ஜைத் திறந்து ஒரு படம், கட்டிலுக்கு அடியில் ஒரு படம். பதினைந்து நிமிட வேலை. ஒரு வருடம் கழித்து அந்தப் பதினைந்து நிமிடம்தான் பேசும்.

ஏன் வாயைத் திறப்பதில்லை?

சட்டம் இவ்வளவு சாதகமாக இருந்தும் தமிழ் மாணவர்கள் பலர் கேட்பதில்லை. ஒரு காரணம், ஊரிலிருந்து மூட்டை கட்டிக்கொண்டு போன பழக்கம். சென்னையில் வீடு காலி செய்தால் பெயிண்டிங் என்ற பெயரில் ஒரு மாத வாடகை போகும் என்பது குழந்தைக்கும் தெரியும். பெயிண்ட் அடித்தார்களா, எத்தனை ரூபாய் ஆனது என்று யாரும் கேட்பதில்லை. கேட்டால் "எல்லா இடத்துலயும் இதுதான் தம்பி" என்பார் ஹவுஸ் ஓனர். பத்து மாத அட்வான்ஸ் அவர் கையில் இருக்கும்போது குரல் எழும்பாது.

தமிழ்நாட்டிலும் 2017இல் ஒரு வாடகைச் சட்டம் இயற்றப்பட்டு 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. வேறு மாதிரி ஒப்பந்தம் இல்லையென்றால் அட்வான்ஸ் மூன்று மாத வாடகைதான். காலி செய்த ஒரு மாதத்துக்குள் நியாயமான பிடித்தம் போக மீதியைத் தர வேண்டும். ஆனால் பணம் இருப்பது வீட்டுக்காரர் கையில்தான், நடுவில் நிற்கும் திட்டம் எதுவும் இல்லை. இங்கிலாந்துக்கும் சென்னைக்கும் உள்ள பெரிய வித்தியாசம் இதுதான். வித்தியாசம் தெரியாமல், சென்னையில் பழகிய மௌனத்தை லீட்ஸிலும் கோவென்ட்ரியிலும் கடைப்பிடிப்பது வீண் நஷ்டம்.

இரண்டாவது காரணம் பயம். அயல்நாடு, நமக்கெதற்கு வம்பு, விசாவில் ஏதாவது சிக்கல் வந்துவிட்டால்? டெபாசிட் தகராறு ஒரு சாதாரண சிவில் விவகாரம். அதற்கும் விசாவுக்கும் எந்தத் தொடர்பும் கிடையாது. கணக்குக் கேட்பது குற்றமல்ல.

மூன்றாவது காரணம் கூட்டுப் பொறுப்பு. நான்கு பேர் ஒரே ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டிருந்தால் ஒருவன் அறையின் அழுக்குக்கு நான்கு பேரும் பொறுப்பு. ஒருவனுக்கு நியாயம் கேட்க ஆசை, இன்னொருவனுக்கு வந்தவரை போதும், மூன்றாமவன் ஏற்கெனவே மதுரையில். இந்த இழுபறியிலேயே நாள் ஓடிவிடும். நடுவரிடம் போகக் காலக்கெடு உண்டு என்பதால் இது ஆபத்து. யார் எழுதுவது என்று சாவி கொடுப்பதற்கு முன்பே நால்வரும் பேசி முடிவு செய்துகொள்வது நல்லது.

வீட்டுக்காரர் தரப்பு

அவர்கள் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது, மறுக்க முடியாது. மாணவர் வீடுகள் சில எப்படி இருக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். அடைத்துக்கொண்ட சிங்க், ஃபிரிட்ஜில் போன மாதத்துச் சாம்பார், குப்பைத்தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு குப்பைமலை. ஒரே ஒரு வீட்டை வங்கிக் கடனில் வாங்கி வாடகைக்கு விட்டிருக்கும் வீட்டுக்காரருக்கு அதைச் சுத்தம் செய்யும் செலவு உண்மையான செலவுதான். அடுத்த மாணவர்கள் வருவதற்கு முன் அவருக்குக் கிடைப்பதும் சில நாட்களே.

சரி, அப்படியென்றால் அவரிடம் படம் இருக்கும், க்ளீனரின் பில் இருக்கும், இன்வென்ட்ரி இருக்கும். அவற்றைக் காட்டினால் மாணவனும் மறுபேச்சுப் பேசமாட்டான், நடுவரும் அவர் பக்கம்தான் சொல்வார். நியாயமான வீட்டுக்காரருக்கு இந்த முறையால் ஒரு நஷ்டமும் இல்லை. வருடா வருடம் எல்லா வீட்டுக்கும் ஒரே தொகையை நிரப்பி அனுப்புகிறவருக்குத்தான் தர்மசங்கடம்.

என்ன எழுதுவது?

நீளமான கடிதம் தேவையில்லை. திட்டுவதும் தேவையில்லை. இந்த அளவு போதும்:

"க்ளீனிங் பிடித்தத்தை ஒப்புக்கொள்ளவில்லை. குடிவந்தபோதும் காலி செய்தபோதும் எடுத்த படங்களை இணைத்துள்ளோம். ஒவ்வொரு பிடித்தத்துக்கும் எந்த இடம், என்ன குறை, எவ்வளவு செலவு என்று படங்களோடும் பில்லோடும் தெரிவிக்கவும். தகராறு இல்லாத தொகையை முதலில் திருப்பித் தரவும். உடன்பாடு ஏற்படாவிட்டால் டெபாசிட் திட்டத்தின் நடுவரிடம் செல்வோம்."

சில வீட்டுக்காரர்கள் இதோடு இறங்கிவந்துவிடுவார்கள். காட்ட ஆதாரம் இல்லாதவர் நடுவரிடம் போக விரும்பமாட்டார். ஆதாரம் இருக்கிறது, ஓவன் உண்மையிலேயே அழுக்குதான் என்றால் ஓவனுக்குரிய 60 பவுண்டை ஒப்புக்கொண்டு மற்ற 300க்கு மட்டும் வாதாடலாம். செய்த தப்பை ஒப்புக்கொள்பவனின் மற்ற வாதத்துக்கும் மதிப்புக் கூடும்.

இன்னும் இரண்டு சின்ன விஷயங்கள். டெபாசிட் திட்டத்தில் பல்கலைக்கழக மின்னஞ்சலைக் கொடுத்திருந்தால், படிப்பு முடிந்த பின் அது செயலிழக்கலாம். முன்னாடியே சொந்த முகவரிக்கு மாற்றிவிட வேண்டும். இங்கிலாந்து வங்கிக் கணக்கை டெபாசிட் வந்து சேரும்வரை மூடக்கூடாது.

90 பவுண்டுக்காக இவ்வளவு மெனக்கெட வேண்டுமா என்று கேட்கலாம். ஒருவனுக்கு அது 90 பவுண்டுதான். ஆனால் அடுத்த செப்டம்பரில் அதே வீட்டுக்கு இன்னும் நான்கு பேர் பெட்டியோடு வந்து இறங்குவார்கள். அதற்கடுத்த வருடம் இன்னும் நான்கு பேர். கேட்காமல் விட்ட ஒவ்வொரு பிடித்தமும் அடுத்தவர்களுக்கு எழுதிவைத்த ரேட் கார்டு. ஒருமுறை யாராவது "பில் எங்கே?" என்று கேட்டுவிட்டால், அடுத்த முறை ஏஜெண்ட் அந்த 180ஐ டைப் செய்வதற்கு முன் கொஞ்சம் யோசிப்பார்.

குக்கரையும் போர்வையையும் ஜூனியர்களுக்கு விட்டுவிட்டுப் போகிறவர்கள், இந்த ஒரு கேள்வியையும் கேட்டுவிட்டுப் போகலாம்.