நோயின் பெயர் வேண்டாம். உடல் படும் பாட்டைச் சொல்லுங்கள்

மருத்துவமனைக்குள் நுழைந்ததும் நோயாளியிடம் முதலில் பேசுபவர் பெரும்பாலும் செவிலியரே. நாடித்துடிப்பையும் இரத்த அழுத்தத்தையும் குறித்துக்கொண்டே அவர் சில கேள்விகளைக் கேட்கிறார். என்ன செய்கிறது? எப்போது தொடங்கியது? முன்பும் இவ்வாறு வந்ததுண்டா? என்னென்ன மாத்திரைகள் உட்கொள்கிறீர்கள்? நோயாளிகளில் பலரும் உடன் வருவோரில் பலரும் இவற்றைப் படிவம் நிரப்பும் சடங்காகவே கருதுகின்றனர். "டாக்டர் வந்ததும் அவரிடமே சொல்லிக்கொள்கிறோம்" என்று ஒதுங்கிக்கொள்வோரும் உண்டு. இந்தப் போக்கு சரியன்று. சில வேளைகளில் உயிருக்கே தீங்காக முடியக்கூடியது என்பது என் உறுதியான கருத்து.

செவிலியர் கேட்கும் ஒவ்வொரு கேள்விக்குப் பின்னும் ஒரு சிந்தனை ஓடுகிறது. நோயாளி சொல்லும் ஓர் அறிகுறிக்கு எத்தனை காரணங்கள் இருக்கக்கூடும், அவற்றுள் சிறிதும் காலந்தாழ்த்தக் கூடாதது எது, அதை உறுதிப்படுத்தவோ விலக்கவோ அடுத்து எதைக் கேட்க வேண்டும் என்று அவர் மனம் கணக்கிடுகிறது. நோய் இன்னதென்று முடிவு செய்வது மருத்துவரின் பொறுப்பு. ஆனால் காத்திருக்கும் இருபது பேரில் எவரைக் காக்க வைக்கலாகாது என்பதை முதலில் அறிந்தாக வேண்டியவர் செவிலியர். அந்தக் கணக்குக்கு வேண்டிய தரவு நோயாளியின் வாயிலிருந்துதான் வர வேண்டும்.

இங்கேதான் ஓர் இடர்ப்பாடு எழுகிறது. நம்மில் பலர் அறிகுறியைச் சொல்லாமல் நோயின் பெயரைச் சொல்கிறோம். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வட்டாரத்தில் நாள்தோறும் கேட்கும் சொல் "கேஸ்". இரவுப் பணி முடித்து வரும் ஒருவர், "கேஸ் பிடித்திருக்கிறது, ஓர் ஊசி போட்டால் சரியாகிவிடும்" என்கிறார். நேரந்தவறி உண்பவருக்கு வயிற்று உப்புசம் வருவது இயல்புதான். ஆனால் மாரடைப்பும் அதே இடத்தில், அதே இறுக்கமாகத் தொடங்கக்கூடும். ஆகவே செவிலியர் கேட்கிறார்: இறுக்கம் எந்த இடத்தில்? இடக்கைக்கோ தாடைக்கோ பரவுகிறதா? வியர்த்ததா? படியேறும்போது கூடியதா? இவற்றுக்குத் தெளிவான விடை கிடைத்தால், வந்த 10 நிமிடங்களுக்குள் ஈ.சி.ஜி. எடுக்க வேண்டும் என்னும் மருத்துவ நெறி உடனே செயலுக்கு வரும். "கேஸ்" என்ற ஒரே விடையோடு நின்றுவிட்டால், அந்த நிமிடங்களை மீட்க முடியாது; இதயத் தசை நிமிடந்தோறும் அழிந்துகொண்டிருக்கும். நீரிழிவு உள்ளவர்களுக்கு நெஞ்சுவலியே இல்லாமல் மூச்சுத்திணறலும் அசதியும் வியர்வையும் மட்டுமாகவே மாரடைப்பு வரலாம் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். "சர்க்கரை உண்டா?" என்று செவிலியர் வினவுவது இதற்காகவும்தான்.

"மயக்கம்" என்பது இன்னொரு சொல். தலை சுற்றுவதும், எழுந்து நிற்கையில் கண் இருள்வதும், நினைவு தப்பி விழுவதும், தட்டி எழுப்பினாலும் விழிக்க இயலாத உறக்கமும், பசிச் சோர்வும் ஆகிய எல்லாவற்றையும் நாம் இந்த ஒரு சொல்லால் குறிக்கிறோம். மருத்துவத்தில் இவை வெவ்வேறு வழிகள். முதலாவது உட்செவியின் கோளாறாக இருக்கலாம். இரண்டாவது உடலில் நீர் குறைந்ததன் அடையாளமாகலாம். மூன்றாவது இதயத் துடிப்பின் ஒழுங்கின்மையாகவோ வலிப்பாகவோ இருக்கலாம். நான்காவது, சர்க்கரை அளவு மிகத் தாழ்ந்ததாலோ மூளை பாதிக்கப்பட்டதாலோ நேரலாம். உலைக்கருகிலோ தகரக் கூரையின் கீழோ பணிபுரிந்த ஒருவர் உடல் கொதிக்க, பேச்சுக் குழறி வந்தால் அது வெப்பத் தாக்காக இருக்கக்கூடும்; காத்திராமல் உடலைக் குளிர்விக்கத் தொடங்க வேண்டும். ஆகையால் "மயக்கம் என்றால் எப்படி?" என்று செவிலியர் திருப்பிக் கேட்டால் சலித்துக்கொள்ளாதீர்கள். விழுந்ததை நேரில் கண்டவர் யாரோ அவரையே பேச விடுங்கள்.

காய்ச்சல் நோயாளியிடம் "இன்று எத்தனையாவது நாள்?" என்ற கேள்வி தவறாமல் வரும். டெங்குவில் காய்ச்சல் தொடங்கிய 3 முதல் 7 நாள்களுக்குள், உடல் வெப்பம் தணியும் வேளையில்தான் இரத்த நாளங்களிலிருந்து நீர் கசிந்து இரத்த அழுத்தம் வீழும் ஆபத்து உண்டு. "காய்ச்சல் விட்டுவிட்டது, வீட்டுக்கு அனுப்புங்கள்" என்று குடும்பத்தார் மகிழும் அதே நாளில், செவிலியர் வயிற்று வலி உண்டா, வாந்தி நிற்கவில்லையா, ஈறில் இரத்தம் கசிகிறதா, கடைசியாகச் சிறுநீர் கழித்தது எப்போது என்று கேட்டுக்கொண்டிருப்பார். நாள்கணக்கு ஒன்று தவறினாலும் அவர் கணிப்பு தவறும்.

ஒருவரின் அறிகுறி சில வேளைகளில் பலரைப் பற்றிய செய்தியாகவும் அமைகிறது. 2021 டிசம்பரில், ஸ்ரீபெரும்புதூர் அருகேயுள்ள பாக்ஸ்கான் ஆலையில் பணிபுரிந்த பெண்கள் தங்கியிருந்த விடுதியில் உணவு நஞ்சானதில் 150க்கும் மேற்பட்டோர் மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டதும், அதைத் தொடர்ந்து சென்னை–பெங்களூர் நெடுஞ்சாலையில் நடந்த போராட்டமும் நம் நினைவில் உள்ளன. வாந்தியும் வயிற்றுப்போக்குமாக ஒருவர் வரும்போது, "உங்கள் அறையில் வேறு யாருக்கும் இப்படி இருக்கிறதா? எல்லோரும் எங்கே, எப்போது உண்டீர்கள்?" என்ற கேள்வியின் மதிப்பை இத்தகைய நிகழ்வுகள் உணர்த்துகின்றன. வேலைக்கு ஊறு நேருமோ என்ற அச்சத்தில் இதை மறைப்பது, இன்னும் விடுதியில் படுத்திருக்கும் தோழியர்க்குச் செய்யும் தீங்காகிவிடும்.

உடனிருப்போரின் பங்கும் சிறியதன்று. இங்கிலாந்தின் அரச மருத்துவர் கல்லூரி 2012-இல் ஓர் எச்சரிக்கை மதிப்பெண் முறையை வெளியிட்டது. மூச்சு எண்ணிக்கை, இரத்தத்தின் ஆக்சிஜன் அளவு, இரத்த அழுத்தம், நாடித்துடிப்பு, உடல் வெப்பம், நினைவுநிலை ஆகிய ஆறினையும் மதிப்பிட்டு, நோயாளியின் நிலை சரியத் தொடங்குவதை முன்கூட்டியே காட்டுவது அம்முறை. 2017-இல் அதைத் திருத்தியபோது "புதிதாகத் தோன்றிய மனக்குழப்பம்" என்பதையும் சேர்த்தனர். முதன்முறையாகப் பார்க்கும் முதியவரின் தடுமாற்றமான பேச்சு நெடுநாளாக உள்ளதா, நேற்றிரவு தொடங்கியதா என்பதைச் செவிலியர் எவ்வாறு அறிவார்? "அப்பா நேற்றுவரை நாளிதழ் படித்தார்; இன்று என் பெயரையே மாற்றிச் சொல்கிறார்" என்று மகளோ மகனோ சொன்னால்தான் அது தெரியவரும். எந்தக் கருவியும் தர முடியாத தரவு அது.

மூச்சைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். வளர்ந்த ஒருவர் ஓய்வில் நிமிடத்துக்கு 12 முதல் 20 முறை மூச்சு விடுகிறார். 25-ஐ எட்டினால் மேற்சொன்ன முறையில் அதற்கு மிக உயர்ந்த எச்சரிக்கை மதிப்பெண். செவிலியர் மணிக்கட்டைப் பிடித்தவாறு கடிகாரத்தையும் உங்கள் மார்பையும் மாறிமாறிப் பார்த்தால், அவர் மூச்சை எண்ணிக்கொண்டிருக்கலாம். அந்த ஒரு நிமிடம் அவரோடு பேச்சுக் கொடுக்காதீர்கள்.

இக்கருத்து புதிதன்று. பிளாரன்ஸ் நைட்டிங்கேல் 1859-இல் வெளியிட்ட செவிலியம் பற்றிய நூலில், நோயாளியைக் கவனித்தறிதல் குறித்துத் தனி இயலே எழுதினார். நன்றாக உறங்கினாரா என்று பொதுப்படக் கேட்பதில் பயனில்லை, எத்தனை மணிநேரம், இரவில் எந்த நேரத்தில் உறங்கினார் என்று கேட்க வேண்டும் என அதில் வலியுறுத்தினார். அவருக்குப் பல நூற்றாண்டுகள் முன்பே, திருக்குறளின் மருந்து அதிகாரம் நோயாளி, மருத்துவர், மருந்து ஆகிய மூன்றோடு அருகிருந்து கவனிப்பவரையும் மருத்துவத்தின் நான்கு கூறுகளுள் ஒன்றாக வைத்தது.

ஒடிசா, பீகார், மேற்கு வங்கம், அசாம் முதலிய மாநிலங்களிலிருந்து வந்து இங்குப் பணிபுரிவோர் நிலை தனியாகக் கவனிக்கத்தக்கது. அவர்களை அழைத்துவரும் மேற்பார்வையாளரே எல்லாக் கேள்விக்கும் விடை சொல்லிவிடுகிறார். அவர் நல்லெண்ணத்தோடு பேசினாலும், வலிக்கும் உடல் அவருடையதன்று. அவர் முன்னிலையில், விபத்து நேர்ந்த விதத்தையோ மது அருந்தியதையோ நோயாளி சொல்லத் தயங்குவதும் உண்டு. நோயாளியின் மொழி பேசும் அறைத்தோழர் ஒருவரை உடன் அழைத்து வாருங்கள். வலிக்கும் இடத்தை நோயாளியே விரலால் தொட்டுக் காட்டட்டும். செவிலியர் தனியே பேச விரும்பினால் மற்றவர்கள் சற்று வெளியே நில்லுங்கள்.

"செவிலியர் கேட்டதையே மருத்துவரும் கேட்கிறாரே, ஒருமுறை எழுதியது போதாதா?" என்று சிலர் குறைப்படுகின்றனர். நோயின் களைப்பில் இருப்பவருக்கு இது எரிச்சலூட்டும் என்பதை மறுக்கவில்லை. ஆனால் முதன்முறை மறந்த ஒன்று இரண்டாம் முறை நினைவுக்கு வருவதை அன்றாடம் காண்கிறோம். இரு விடைகளும் வேறுபட்டால், அந்த வேறுபாடே எங்களை மீண்டும் எண்ணிப் பார்க்க வைக்கிறது.

இக்கடமை உங்களுக்கு மட்டும் உரியதன்று. செவிலியர் எழுதிய குறிப்பை மருத்துவர் படித்த பின்பே நோயாளியிடம் பேசத் தொடங்க வேண்டும். "இவரை இப்போதே பாருங்கள்" என்று செவிலியர் அழைத்தால், அளவுகள் யாவும் சீராக இருப்பினும் மருத்துவர் வந்து பார்க்க வேண்டும். கேட்பதற்குரிய நேரத்தைச் செவிலியருக்கு ஒதுக்கித் தருவது மருத்துவமனையின் கடமை. கூட்டத்தைக் காரணங்காட்டி அந்த நேரத்தைக் குறைப்பது சிக்கனமாகாது.

அடுத்த முறை மருத்துவமனைக்கு வருகையில் உட்கொள்ளும் மாத்திரைகளை அட்டையோடு எடுத்து வாருங்கள். தொல்லை தொடங்கிய நாளையும் நேரத்தையும் ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். விட்டுப்போன மாத்திரையையும் குடித்த மதுவையும் மறைக்காதீர்கள்; உங்களைக் குறைகூற அன்று, தக்க சிகிச்சையைத் தேரவே அவற்றைக் கேட்கிறோம். படுக்கையில் இருப்பவரின் முகமோ பேச்சோ மூச்சோ சற்று முன்பிருந்ததுபோல் இல்லை என்று தோன்றினால், காரணம் விளங்கும்வரை காத்திராமல் உடனே செவிலியரை அழையுங்கள்.