எடுக்கத் தடை உண்டு, புதைக்க?

2026-27 மத்திய பட்ஜெட்டில், கரியமில வாயுவைப் பிடித்துப் பயன்படுத்தவும் புதைத்து வைக்கவும் ஐந்தாண்டுகளில் 20,000 கோடி ரூபாய் என்று நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் அறிவித்தார். அனல்மின் நிலையம், இரும்பாலை, சிமெண்ட் ஆலை, எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை, ரசாயன ஆலை ஆகியவற்றின் புகையிலிருந்து வாயுவைப் பிரித்து, முடிந்ததைப் பயன்படுத்திக்கொண்டு மிச்சத்தைப் பூமிக்கடியில் செலுத்திவிடலாம். பூமியும் சூடேறாது, ஆலையும் நிற்காது என்கிறார்கள். பூமிக்கடியில் என்றால் யாருடைய பூமி? தஞ்சாவூர், திருவாரூர், நாகை, மயிலாடுதுறை மக்கள் இந்தக் கேள்வியை இப்போதே கேட்டாக வேண்டும்.

கண்ட இடத்தில் இந்த வாயுவைப் புதைக்க முடியாது. சுமார் 800 மீட்டருக்குக் கீழே போனால்தான் அங்குள்ள அழுத்தத்தில் அது திரவத்தைப்போல அடர்ந்து குறைந்த இடத்தில் அடங்கும். தங்குவதற்கு நுண்துளைகள் நிறைந்த மணற்பாறை வேண்டும். மேலே ஏறிவிடாமல் தடுக்கக் கெட்டியான களிப்பாறை மூடியாக வேண்டும். எண்ணெயும் எரிவாயுவும் கிடைத்த படுகைகளில் இந்த அமைப்பு இருப்பது ஏற்கெனவே தெரிந்த விஷயம். காவிரிப் படுகை, அரசின் வகைப்பாட்டில் முதல் வகைப் படுகை. நரிமணம், கோவில்களப்பால், குத்தாலம், அடியக்கமங்கலம் என்று ஓ.என்.ஜி.சி. பல்லாண்டுகளாகத் துளையிட்ட ஊர்களின் பெயர்கள் நமக்கு மனப்பாடம். புதைக்க இடம் தேடும் கண்கள் இங்கே திரும்பாமல் இருக்க வழியில்லை.

இன்றைக்கு டெல்டாவில் இப்படி ஒரு திட்டம் அறிவிக்கப்படவில்லையே, பிறகு ஏன் பதற்றம் என்று கேட்பவர்களுக்கு மீத்தேன் கதையை நினைவூட்டுகிறேன். 2010இல் மன்னார்குடி வட்டாரத்தில் 691 சதுர கிலோமீட்டரில் மீத்தேன் எடுக்க ஒப்பந்தம் போடப்பட்டது. இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வார் ஊர் ஊராகப் போய் விளக்கிய பிறகுதான் அது என்னவென்றே பலருக்குப் புரிந்தது. 2013 ஜூலையில் மாநில அரசு அதை நிறுத்திவைத்தது. அந்த ஆண்டு டிசம்பர் 30ஆம் தேதி, பட்டுக்கோட்டை பக்கம் பிரச்சாரத்தில் இருந்தபோதே நம்மாழ்வார் காலமானார். திட்டம் முழுதாக விலக 2015 ஆயிற்று. கையெழுத்துக்குப் பிறகு விழித்துக்கொண்டதற்கு டெல்டா கொடுத்த விலை அது.

இப்போது சட்டம் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. 2020 பிப்ரவரியில் நிறைவேறிய தமிழ்நாடு பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டல மேம்பாட்டுச் சட்டத்தின் தடைப்பட்டியலை எடுத்துப் படித்துப் பாருங்கள். துத்தநாக, தாமிர, அலுமினிய உருக்காலைகள், இரும்பாலை, தோல் பதனிடுதல் ஆகியவற்றோடு, எண்ணெய், இயற்கை எரிவாயு, நிலக்கரிப் படுகை மீத்தேன், ஷேல் எரிவாயு, அவற்றையொத்த ஹைட்ரோகார்பன்கள் ஆகியவற்றின் ஆய்வு, துளையிடல், பிரித்தெடுத்தல் எல்லாம் தடை செய்யப்பட்டிருக்கின்றன. கரியமில வாயு ஹைட்ரோகார்பன் அல்ல. அதைச் செலுத்துவது பிரித்தெடுத்தலும் அல்ல. ஏற்கெனவே இயங்கும் கிணறுகளை இந்தச் சட்டம் தொடுவதும் இல்லை. வாயு தீர்ந்த பழைய கிணறு ஒன்றைச் செலுத்துக் கிணறாக மாற்றினால் எந்தப் பிரிவில் தடுப்பீர்கள்? எனக்குத் தெரிந்து ஒரு பிரிவும் இல்லை. மண்ணிலிருந்து எடுப்பதற்குக் கதவடைத்துவிட்டு, மண்ணுக்குள் திணிப்பதற்குக் கதவைத் திறந்து வைத்திருக்கிறோம்.

இந்த விவாதத்தில் எல்லோரும் நார்வேயைத்தான் உதாரணமாகக் காட்டுகிறார்கள். நான் இல்லினாயைக் காட்டுகிறேன். நமக்கு நெல் எப்படியோ, அமெரிக்காவின் அந்த மாநிலத்துக்குச் சோளம் அப்படி. அங்கே டிகேட்டர் நகரில், சோளத்திலிருந்து எத்தனால் தயாரிக்கும் ஏ.டி.எம். நிறுவனத்தின் ஆலையிலிருந்து வரும் வாயுவை இரண்டு கிலோமீட்டருக்கும் அதிக ஆழத்தில் உள்ள மணற்பாறையில் 2011இல் செலுத்தத் தொடங்கினார்கள். மாநில நிலவியல் துறை கூடவே நின்றது. முதல் மூன்று ஆண்டுகளில் 10 லட்சம் டன் உள்ளே போனது. உலகத்துக்கே முன்மாதிரி என்று மாநாடுகளில் பேசப்பட்ட இடம் அது. 2024இல் என்ன தெரியவந்தது? செலுத்திய வாயு, அனுமதிக்கப்பட்ட பாறை அடுக்கை விட்டு மேலே ஏறியிருந்தது. எந்த வழியாக? கசிவைக் கண்டுபிடிப்பதற்கென்றே தோண்டிய கண்காணிப்புக் கிணற்றில், துருப்பிடித்துப்போன பகுதி வழியாக! அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை விதிமீறல் நோட்டீஸ் அனுப்பியது. செலுத்துவது நிறுத்தி வைக்கப்பட்டது. குடிநீருக்கு ஆபத்து இல்லை என்றுதான் சொன்னார்கள். இல்லினாய் விவசாயிகள் அந்தச் சமாதானத்தை ஏற்கவில்லை. பல லட்சம் மக்களுக்குத் தண்ணீர் தரும் மஹோமெட் நிலத்தடி நீரடுக்குப் பகுதியில் கரியமில வாயுவைப் புதைக்கக் கூடாது என்று 2025 ஆகஸ்டில் அந்த மாநிலம் சட்டமே போட்டுவிட்டது.

டிகேட்டரில் இருந்தவை விரல்விட்டு எண்ணக்கூடிய கிணறுகள்; எல்லாமே புதியவை, இந்த வேலைக்கென்றே அமைத்தவை. டெல்டாவில் இருப்பவை நூற்றுக்கணக்கான எண்ணெய்க் கிணறுகள். சில ஓடுகின்றன, சில மூடிக்கிடக்கின்றன. எரிவாயுவை எடுக்கப் போட்ட சிமெண்டும் இரும்புக் குழாயும், தண்ணீரோடு சேர்ந்தால் அமிலமாகும் ஒரு வாயுவை நூற்றாண்டுக் கணக்கில் தாங்குமா? கதிராமங்கலத்தில் 2017 ஜூன் 30 அன்று வயலில் கச்சா எண்ணெய் பொங்கியபோது உடைந்தது தரைக்குச் சற்றுக் கீழே கிடந்த குழாய்தான். அதையே உடைந்த பிறகுதான் கண்டார்கள். இரண்டு கிலோமீட்டர் ஆழத்தில் உடைவதை யார் காண்பார்கள்?

கோடிக்கணக்கான ஆண்டுகள் எரிவாயுவை அடக்கி வைத்திருந்த களிப்பாறை கரியமில வாயுவையும் அடக்கும் என்பது திட்டத்தை ஆதரிப்பவர்களின் முக்கிய வாதம். அந்த ஆண்டுகளிலெல்லாம் மூடி முழுதாக இருந்தது. நாம்தான் அதைச் சல்லடையாக்கியிருக்கிறோம். இதற்குமேல் அந்த வாதத்துக்குப் பதில் தேவையில்லை.

மூடி தாங்கினாலும் அழுத்தம் சும்மா இருக்காது. அல்ஜீரியாவின் இன் சாலாவில் 2004 முதல் 2011 வரை ஏறக்குறைய 38 லட்சம் டன் செலுத்தினார்கள். பாலைவனத் தரையே ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர் உயர்ந்ததைச் செயற்கைக்கோள்கள் காட்டின. மூடிப்பாறைக்குள்ளும் விரிசல் போயிருக்கலாம் என்ற அச்சம் வந்ததும் நிறுத்திவிட்டார்கள். பாலைவனம் சில மில்லிமீட்டர் உயர்ந்தால் கேட்பார் இல்லை. சாண் உயர வித்தியாசத்தில் வாய்க்கால் தண்ணீர் கடைமடைக்குப் போகுமா, போகாதா என்று முடிவாகும் வேதாரண்யத்திலும் கீழையூரிலும் அப்படிச் சொல்லிவிட முடியுமா?

காவிரிப் படுகையின் அடித்தளம் ஒரே தட்டையான பாறை அல்ல. இந்தியத் துணைக்கண்டம் பழைய பெருங்கண்டத்திலிருந்து பிரிந்தபோது கிழிந்து, மேடும் பள்ளமுமாக முறிந்து நிற்கும் தளம் அது. அரியலூர்-புதுச்சேரி, தரங்கம்பாடி, நாகப்பட்டினம் என்று பள்ளங்களும், கும்பகோணத்திலிருந்து பரங்கிப்பேட்டை நோக்கி ஓடும் மேடும் பிளவுகளால் பிரிந்து கிடக்கின்றன. பிளவுகளுக்குள் அழுத்தம் ஏறினால் அவை நகரும்; பெருமளவில் கரியமில வாயுவைச் செலுத்தினால் சிறு நிலநடுக்கங்களே மூடியின் உறுதியைக் கெடுத்துவிடும் என்று ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் மார்க் சோபாக், ஸ்டீவன் கோரலிக் இருவரும் 2012லேயே எழுதினார்கள். புதுச்சேரிக்கு அப்பால் கடலடியில் 2001 செப்டம்பர் 25 அன்று 5.5 அளவில் நிலம் குலுங்கியதை இந்தக் கரை மறந்திருக்காது.

இத்தனை ஆபத்துக்கும் ஈடாகக் கிடைப்பது என்ன? நிதி ஆயோக் 2022இல் வெளியிட்ட அறிக்கை, 2050க்குள் ஆண்டுக்கு 75 கோடி டன் பிடிக்கலாம் என்கிறது. இன்று உலகம் முழுவதும் சேர்ந்து பிடிப்பது சுமார் 5 கோடி டன். கால் நூற்றாண்டுக்குள் இந்தியா மட்டும் உலகத்தைப்போல் 15 மடங்கு பிடிக்குமாம். எல்லோரும் காட்டுகிற அந்த நார்வேயின் ஸ்லெய்ப்னரையே எடுத்துக்கொள்வோம். 1996 முதல் வட கடலுக்கடியில் நடக்கும் அந்தத் திட்டம் புதைத்தது, ஆண்டுக்கு ஏறக்குறைய 10 லட்சம் டன். ஆக, பிடிப்பது அத்தனையையும் புதைப்பதென்றால் நமக்கு 750 ஸ்லெய்ப்னர்கள் வேண்டும். மேலே வயல் இல்லாத, ஊர் இல்லாத, குடிநீர்க் கிணறு இல்லாத ஒரே ஒரு ஸ்லெய்ப்னரை நடத்த நார்வேக்கு அவ்வளவு கவனம் தேவைப்பட்டது. அதே நார்வே 2008இல் ஸ்னோவிட்டில் தொடங்கியபோது, எதிர்பார்த்ததைவிட வேகமாக அழுத்தம் ஏறி, வேறு பாறை அடுக்குக்கு மாற வேண்டியிருந்தது. ஆஸ்திரேலியாவின் கார்கன் திட்டம் ஆண்டுக்கு 40 லட்சம் டன் என்று சொல்லிப் பாதியைக்கூட எட்டாமல் திணறுகிறது. 750 என்ற கனவின் பெயரால் நிலக்கரி இன்னும் முப்பது ஆண்டுகள் எரியும். அதுதான் இந்தத் திட்டத்தின் உண்மையான பயன்.

பிடித்த வாயுவைப் புதைக்காமல் பயன்படுத்தத் தமிழ்நாடு டெல்லியிடம் பாடம் கேட்க வேண்டியதில்லை. தூத்துக்குடி ஆல்கலி கெமிக்கல்ஸ் ஆலை, கொதிகலன் புகையிலிருந்து ஆண்டுக்கு 60,000 டன் கரியமில வாயுவைப் பிடித்துச் சோடா உப்பு தயாரிக்கும் ஏற்பாட்டைப் பத்தாண்டுகளுக்கு முன்பே செய்துவிட்டது. அளவு சிறிதுதான். ஆனால் யாருடைய வயலுக்கு அடியிலும் கை வைக்காத அளவு. 20,000 கோடியும் அந்த வழியில் போகட்டும்.

தமிழ்நாடு அரசு செய்ய வேண்டியது எளிது; உடனே செய்ய வேண்டியது. 2020 சட்டத்தின் தடைப்பட்டியலில், கரியமில வாயுவையோ வேறு எந்த வாயுவையோ சேமிப்பதற்காக நிலத்துக்குள் செலுத்துவதும் தடை என்று ஒரு வரி சேர்க்க வேண்டும். பழைய கிணறுகளுக்கும் அது பொருந்த வேண்டும். 2023இல் டெல்டா நிலக்கரிச் சுரங்க ஏல அறிவிப்பு வந்தபோது, முதல்வர் கடிதம் எழுதிய சில நாட்களில் மத்திய அரசு அந்த இடங்களை விலக்கியது. உறுதியாகச் சொன்னால் டெல்லி கேட்கும். இதுவரை தோண்டிய ஒவ்வொரு கிணற்றின் ஆழமும், மூடிய ஆண்டும், சிமெண்ட் நிலையும் அந்தந்தக் கிராம சபையின் முன் வைக்கப்பட வேண்டும். கொள்ளிடத்துக்கு வடகரையில் சிமெண்ட் ஆலைகள் நிறைந்த அரியலூர் மாவட்டம் அந்தச் சட்டத்தின் பாதுகாப்புக்குள் இன்றும் இல்லை. அரியலூரின் பாறை அடுக்குகள் ஆற்றோடு நின்றுவிடவில்லை. அடுத்த சட்டமன்றக் கூட்டத்தொடரில் அரியலூரையும் சேர்த்தே திருத்தம் வர வேண்டும்.