கையெழுத்துப் போட்ட படம்

ஜெர்மன் கலைஞர் ஜோசப் பாய்ஸ், தோள்பையும் தொப்பியுமாக நம்மை நோக்கி நடந்து வரும் ஆளுயரப் படம். 1972இல் 180 பிரதி. 'நாமே புரட்சி' என்று இத்தாலிய மொழியில் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். நவீன ஓவியம் பேசும் நண்பர்கள் புல்லரித்துப் போகிறார்கள். எல்லா மனிதரும் கலைஞரே என்றவர் அவர். சரி, ஒத்துக்கிறேன். அப்போ எங்க தாத்தா?

திருப்புட்குழிச் சேரியில் பறையடித்தவர். ராமன் ஈமக்கடன் செய்த கழுகு என்று ஜடாயு பேரில் இங்கே தீர்த்தமே இருக்கிறது. ஊர்ச் சாவுக்கெல்லாம் அடித்தவரை எவனும் படம் எடுக்கல. நம்ம சனங்களைப் படம் பிடித்தவர் தர்ஸ்டன். 1909இல் வந்த அவருடைய ஏழு தொகுதிகளில் படத்துக்கடியில் சாதிப் பேர் இருக்கும், ஆள் பேர் இருக்காது. மூக்கை அளந்தவருக்குப் பேர் கேக்கத் தோணல.

தாத்தாவுக்கு இருந்தது ஒரே படம். முதியோர் பென்ஷன் மனுவில் ஒட்டி, அதன் ஓரத்தில் கைநாட்டு வாங்கினார்கள். கையெழுத்துப் போட்ட படம்தான் அதுவும். பிரதி ஒன்றே ஒன்று. ஆபீசில் தொலைத்துவிட்டார்கள். "வேற போட்டோ கொண்டா" என்று எங்கப்பாவிடம் சொன்னபோது, தாத்தாவைப் புதைத்து ரெண்டு மாசமாகியிருந்தது.