வலி யார் கணக்கில்?

"ஆம்பளைதானே, ஒரு ராத்திரி பொறுத்துக்க மாட்டியா?" ஹெர்னியா ஆபரேஷன் முடிந்து வார்டில் படுத்திருப்பவரிடம் நம் ஊரில் தவறாமல் சொல்லப்படும் வசனம் இது. நர்ஸ் சொல்வார், ஆயா சொல்வார், பார்க்க வந்த மாமாவும் சொல்வார். எதற்காகப் பொறுக்க வேண்டும் என்று மட்டும் யாரும் கேட்பதில்லை!

ஹெர்னியா என்கிற குடலிறக்கம் அபூர்வமான நோய் ஒன்றும் இல்லை. ஆண்களில் நூற்றுக்கு சுமார் 27 பேருக்கு வாழ்நாளில் எப்போதாவது கவட்டைப் பகுதியில் இது வரலாம் என்கிறார்கள். உலகம் முழுக்க வருடத்துக்கு 2 கோடி பேருக்கு மேல் இதற்கு ஆபரேஷன் நடக்கிறது. அதனால்தானோ என்னவோ, "சின்ன ஆபரேஷன்" என்று பெயர் வாங்கிவிட்டது. ஆபரேஷன் சின்னது, சரி. வலியும் சின்னது என்று யார் சொன்னது?

நடப்பது இதுதான். பெரும்பாலும் முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போக வைத்து ஆபரேஷன் செய்கிறார்கள். அந்த மரமரப்பு சில மணி நேரம் இருக்கும். சொந்தக்காரர்கள் ஹார்லிக்ஸ் பாட்டிலோடு வரும்போது நோயாளி சிரித்துப் பேசுவார். மருந்து விலகுவது எல்லோரும் வீட்டுக்குப் போன பிறகு. அப்புறம் இருமினால் வலி, திரும்பிப் படுத்தால் வலி, பாத்ரூமுக்கு எழுந்தால் வலி. மார்ஃபின் வகை மருந்து கொடுத்தால் மலச்சிக்கல் வரும். வயிற்றை முக்கக்கூடாத ஆளுக்கு இது எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

இதற்கு வழியே இல்லையா? இருக்கிறது. கவட்டைப் பகுதியின் உணர்வைக் கொண்டுபோவதில் இலியோஇங்குவினல், இலியோஹைப்போகேஸ்ட்ரிக் என்ற இரண்டு நரம்புகளுக்குப் பெரிய பங்கு உண்டு. (பெயரைப் பார்த்து பயப்பட வேண்டாம்!) இவை வயிற்றுச் சுவரின் தசை அடுக்குகளுக்கு நடுவே ஓடுகின்றன. அங்கே பியூபிவகைன் போன்ற மருந்தைச் செலுத்தினால், வலி என்ற சேதி பல மணி நேரத்துக்கு மேலே போகாது. முதல் ராத்திரியின் கொடுமை பெருமளவு குறையும்.

ஊசி சரியான அடுக்கில் போக வேண்டும், அதுதான் சிக்கல். முன்பு இடுப்பெலும்பைத் தொட்டுப் பார்த்து, ஊசி தசையுறையைத் துளைக்கும்போது கையில் தெரியும் 'டக்'கை நம்பிப் போட்டார்கள். 2008ல் வெளியான ஓர் ஆய்வில் 62 குழந்தைகளுக்கு இப்படியே ஊசி போட்டு, மருந்து எங்கே போகிறது என்று அல்ட்ராசவுண்டில் பார்த்தார்கள். சரியான இடத்தில் போனது 14 சதவீதம்தான்! நூற்றுக்கு 14 என்ட்ரி மட்டும் சரியாக இருக்கும் லெட்ஜரில் எந்த ஆடிட்டராவது கையெழுத்துப் போடுவாரா? அல்ட்ராசவுண்டு வைத்துப் போட்டால் தசை அடுக்கும், ஊசி முனையும், மருந்து பரவுவதும் திரையில் தெரிகிறது. குறைந்த மருந்தே போதுமானதாகிறது.

சரி, ஏன் எல்லா இடத்திலும் செய்வதில்லை?

"மெஷின் இல்லை" என்பார்கள். இது அரை உண்மை. மெஷின் இல்லாவிட்டாலும், திறந்து செய்யும் ஆபரேஷனில் சர்ஜனே அதே மருந்தை நரம்புகளைச் சுற்றியும் காயத்திலும் செலுத்த முடியும். திறந்து செய்யும் எல்லாக் கவட்டை ஹெர்னியா ஆபரேஷனிலும் இப்படி ஏதாவது ஒரு முறையைச் செய்யும்படி 2018ல் வந்த சர்வதேச வழிகாட்டுதலே பரிந்துரைக்கிறது. ஆக, இரண்டில் ஒன்றுகூடச் செய்யாமல் விடுவதற்குச் சாக்கு கிடையாது.

"சட்டச் சிக்கல்" என்பார்கள். கருவின் பாலினம் அறிவதைத் தடுக்கும் 1994ம் ஆண்டுச் சட்டப்படி இங்கே அல்ட்ராசவுண்டு கருவிகளுக்குப் பதிவும் கண்காணிப்பும் உண்டு. பெண் சிசுக்களைக் கொன்ற ஊர் நம்முடையது. அந்தச் சட்டம் தளரவே கூடாது. ஆனால் தியேட்டருக்குள் நரம்பைத் தேடும் மயக்க மருந்து நிபுணருக்குத் தெளிவான, சுலபமான பதிவு முறையைத் தருவது அரசின் கடமை. அதை யார் கேட்கப் போகிறார்கள்?

கடைசியாக, "செலவு". இங்கேதான் காமர்ஸ் படிப்பவர்கள் காதைத் தீட்டிக்கொள்ள வேண்டும். பியூபிவகைன் உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் உள்ள பழைய மருந்து. விலை ஒரு பொருட்டே இல்லை. ஆனால் பேக்கேஜ் என்று மொத்தமாக ஒரு தொகை பேசிவிட்டால், கூடுதலாகப் போடும் ஊசியும் அதற்கான பத்து நிமிடமும் ஆஸ்பத்திரிக்குச் செலவு. பலன் மட்டும் நோயாளிக்கு. செலவு ஒருவர் புத்தகத்தில், லாபம் இன்னொருவர் உடம்பில்! வலிக்கு வவுச்சர் கிடையாது. தூங்காத ராத்திரியும், துணைக்கு இருந்த மனைவி இழந்த நாள் கூலியும் எந்த பேலன்ஸ் ஷீட்டிலும் வராது. வராததால் அவை இல்லை என்று ஆகிவிடுமா?

நரம்பு ஊசி மந்திரம் அல்ல. சிலருக்குத் தொடை சில மணி நேரம் பலவீனமாகும், அதனால் முதல் தடவை துணையோடுதான் எழ வேண்டும். அளவு மீறினால் மருந்து ஆபத்து. மாத்திரையும் தொடர வேண்டும். இவையெல்லாம் கவனமாகச் செய்வதற்கான காரணங்கள், செய்யாமலே விடுவதற்கு அல்ல.

உங்கள் அப்பாவுக்கோ சித்தப்பாவுக்கோ இந்த ஆபரேஷன் என்றால், சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போடும் முன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "மரமரப்பு விலகின பிறகு வலிக்கு என்ன செய்யப் போறீங்க டாக்டர்?" பத்து பேர் கேட்டால் எரிச்சல் வரும். ஆயிரம் பேர் கேட்டால் வழக்கம் மாறும்.