சி.எஸ்.ஆர் ரசீது கொடுத்தால் வழக்குப் பதிந்ததாக அர்த்தமா?

''கொட்டகையில் அடைத்திருந்த 6 வெள்ளாடுகளை ராத்திரியில் திருடிக்கொண்டு போய்விட்டார்கள். காவல் நிலையத்தில் புகார் கொடுத்து 20 நாள்கள் ஆகின்றன. சி.எஸ்.ஆர் ரசீது மட்டும் தந்தார்கள். எஃப்.ஐ.ஆர் கேட்டால், 'ஆடு கிடைத்தால் சொல்லி அனுப்புகிறோம்' என்கிறார்கள். அடுத்து என்ன செய்வது?''

- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

சி.எஸ்.ஆர் என்பது, மனு வந்து சேர்ந்ததற்கான ரசீது மட்டுமே. எஃப்.ஐ.ஆர் எனப்படும் முதல் தகவல் அறிக்கை பதிவானால்தான் அது வழக்கு.

திருட்டு போன்ற, காவல்துறை நேரடியாக வழக்குப் பதியக்கூடிய குற்றம் நடந்திருப்பது புகாரில் தெரிந்தால், எஃப்.ஐ.ஆர் பதிவது கட்டாயம் என்று லலிதா குமாரி வழக்கில் 2013-ம் ஆண்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா சட்டத்தின் 173-வது பிரிவு, புகார்தாரருக்கு மேலும் சில உரிமைகளைத் தருகிறது.

* எழுதத் தெரியாதவர் வாயால் சொன்னாலும் போதும். காவலர் அதை எழுதி, படித்துக் காட்டி, கையெழுத்து வாங்க வேண்டும்.

* 'எங்கள் எல்லை இல்லை' என்று திருப்பி அனுப்பக் கூடாது. எந்தக் காவல் நிலையத்திலும் புகார் கொடுக்கலாம்.

* எஃப்.ஐ.ஆர் நகலை இலவசமாகத் தர வேண்டும்.

சில குற்றங்களில் டி.எஸ்.பி அனுமதியோடு முதற்கட்ட விசாரணை செய்யலாம். அதையும் 14 நாள்களுக்குள் முடிக்க வேண்டும். இங்கே 20 நாள்கள் ஆகிவிட்டதால், அந்தக் காரணத்தையும் சொல்ல முடியாது.

புகாரில் இரண்டு விவரங்கள் முக்கியம். ஒன்று, ஒவ்வொரு ஆட்டின் சந்தை விலை. சாதாரணத் திருட்டில் பொருளின் மதிப்பு 5,000 ரூபாய்க்குக் குறைவாக இருந்தால், காவல்துறை நேரடியாக வழக்குப் பதிய முடியாது. இரண்டு, ஆடுகள் இருந்த இடம். வீட்டிலோ, பொருளைப் பாதுகாக்கும் கட்டடத்திலோ புகுந்து திருடினால் 7 ஆண்டுகள் வரை சிறைத் தண்டனை உண்டு. சுவரும் கூரையுமாக உள்ள கொட்டகை என்றால், அதைத் தெளிவாக எழுத வேண்டும்.

இதற்குப் பிறகும் பதிய மறுத்தால், மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குப் புகாரைத் தபாலில் அனுப்ப வேண்டும். சி.எஸ்.ஆர் நகலையும் அதோடு இணைக்கலாம். தபால் ரசீதைப் பத்திரமாக வைத்துக்கொள்வது அவசியம். அங்கும் நடவடிக்கை இல்லையென்றால், நீதித்துறை நடுவர் நீதிமன்றத்தில் பிரமாணப் பத்திரத்துடன் மனு செய்யலாம். விசாரிக்கும்படி காவல்துறைக்கு நடுவர் உத்தரவிட முடியும். பெண்களுக்கும், பட்டியலினத்தவர், பழங்குடியினருக்கும் வருமான வரம்பு பார்க்காமல் சட்டப்பணிகள் ஆணைக்குழு இலவசமாக வழக்கறிஞரை அமர்த்தித் தரும். அதற்கான தொலைபேசி எண்: 15100.

வழக்குப் பதிவான பிறகு, விசாரணை எந்த அளவில் இருக்கிறது என்பதை 90 நாள்களுக்குள் புகார்தாரருக்குத் தெரிவிக்க வேண்டும். சாட்சி விசாரணைக்காகப் பெண்களையும், 60 வயதைக் கடந்த ஆண்களையும் காவல் நிலையத்துக்கு வரச் சொல்லிக் கட்டாயப்படுத்தக் கூடாது. அவர்கள் இருக்கும் இடத்துக்கே சென்றுதான் விசாரிக்க வேண்டும்.

ஆடுகள் பிடிபட்டால், வழக்கு முடியும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. நீதிமன்றத்தில் மனு செய்து இடைக்காலமாகப் பெறலாம். அப்போது, 'இது என் ஆடுதான்' என்று காட்ட ஆதாரம் வேண்டும். காதுத் தோடு எண், சந்தை ரசீது, செல்போனில் எடுத்த போட்டோ ஆகியவை கைகொடுக்கும். ஆடு, மாடு வைத்திருப்பவர்கள் இவற்றை இப்போதே எடுத்து வைத்துக்கொள்வது நல்லது.