மின்சாரப் பேருந்து முதலில் யாருக்கு?

தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு படித்தபோது 'காற்றுத் தூய்மைக்கேடு' பற்றிக் கட்டுரை எழுதாத மாதமே இல்லை. வாகனப் புகை, தொழிற்சாலைப் புகை என்று அடுக்கி, மரம் நடுவோம் என்று முடித்தால் ஆசிரியை 'நன்று' போடுவார். அந்தப் புகை யார் மூக்கில் ஏறுகிறது என்று எழுத எனக்குத் தோன்றியதே இல்லை. இத்தனைக்கும் என் அப்பா பேருந்து ஓட்டுநர்! விடிகாலை மூன்று மணிக்கு ஜொகூரில் எழுந்து, மோட்டார் சைக்கிளில் பாலத்தைக் கடந்து, சிங்கப்பூரில் டீசல் பேருந்து ஓட்டுபவர்.

இன்று சுவா சூ காங்கில், நான்காவது மாடியில் ஓர் அறையில் தங்கிப் படிக்கிறேன். கீழே பேருந்து நிறுத்தம். டீசல் வண்டி நின்று கிளம்பும்போதெல்லாம் சன்னல் கண்ணாடி அதிரும். எதிர்வீட்டுப் பாட்டி மாலையில் சன்னலைச் சாத்தியே வைத்திருப்பார். மின்சாரப் பேருந்து வந்துபோனால் கதவு திறக்கும் ஓசை மட்டும்தான்.

நிலப் போக்குவரத்து ஆணையம் 2018இல் 60 மின்சாரப் பேருந்துகளுக்கு ஒப்பந்தம் செய்தது. 2020இல் அவை சாலைக்கு வரத் தொடங்கின. 2023இல் மேலும் 360 பேருந்துகள் வாங்க 166.4 மில்லியன் வெள்ளிக்கு ஒப்பந்தம் போடப்பட்டது. 2030க்குள் பாதிப் பேருந்துகள் மின்சாரத்தில் ஓட வேண்டும் என்பது இலக்கு.

"நம் மின்சாரத்தில் சுமார் 95 விழுக்காடு இயற்கை எரிவாயுவில்தானே வருகிறது? புகை இடம் மாறுகிறது, அவ்வளவுதான்" என்கிறான் பொறியியல் படிக்கும் நண்பன். முழுவதும் சரியில்லை. டீசலின் ஆற்றலில் பாதிக்குமேல் வெப்பமாகவே வீணாகிறது. மின்சார வண்டியோ பிரேக் போடும்போதுகூட ஓரளவு ஆற்றலை மின்கலத்திற்குத் திருப்பி அனுப்புகிறது. சரி, இடம்தான் மாறுகிறது என்றே வைத்துக்கொள்வோம். பாட்டியின் சமையலறைச் சன்னலிலிருந்து துவாஸுக்கு மாறுவது சின்ன விஷயமா?

அதனால்தான் சொல்கிறேன்: பேட்டைக்குள்ளேயே சுற்றிவரும் 300, 302, 307 போன்ற 'ஃபீடர்' சேவைகளை முதலில் முழுமையாக மாற்ற வேண்டும். புளோக்குகளை ஒட்டி நாள் முழுக்க ஓடுபவை அவைதான். நிறுத்தத்துக்கு நிறுத்தம் பிரேக் போடுவதால் மின்சாரம் அதிகம் மிச்சமாவதும் அவற்றில்தான். தூரமும் குறைவு, மின்கலம் தீர்ந்துவிடுமோ என்ற பயம் இல்லை. நீண்ட தடங்கள் சற்றுப் பொறுக்கட்டும். 67இல் ஏறித் தேக்காவுக்குப் போகும் எனக்கு அதில் வருத்தமில்லை.

பயணிகளாவது பத்து நிமிடத்தில் இறங்கிவிடுகிறோம். ஓட்டுநர்? அப்பாவுக்குச் சென்ற ஆண்டு சில நாள்கள் மின்சாரப் பேருந்து ஓட்டக் கிடைத்தது. அன்றிரவு தொலைபேசியில், "பஸ் ஓட்டுன மாதிரியே இல்லம்மா, காதுல இரைச்சலே இல்ல" என்றார். நான்கு நாள் கழித்துப் பழைய டீசல் வண்டிக்கே திரும்பிவிட்டார். நான் பேசினால், "என்னம்மா? சத்தமா சொல்லு" என்கிறார் மறுபடியும்.